நாற்பது பை மீன்குஞ்சும் விழாத கியரும்

கிளிநொச்சியில் ரயிலை விட்டு இறங்கியதும் என்னை முதலில் திகைக்க வைத்தது பாதை. அது வளையவே இல்லை. எங்கள் மலையில் முப்பது அடிக்கு மேல் பாதையை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம்; அடுத்த வளைவில் என்ன வருகிறது என்பது ஹோர்ன் சத்தத்தில்தான் தெரியும். இங்கே தூரத்தில் ஒரு பஸ் புள்ளியாகத் தெரிந்தது. நான் ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது என்னைக் கடந்து போனது.

வந்த வேலை இதுதான். மலையடிவாரத்தில் உள்ள ஒரு மீன்குஞ்சு வளர்ப்பு நிலையத்தில் நான் வேலை செய்கிறேன். எங்கள் லொறி மூன்றாம் நாள் விடியற்காலை நாற்பது பை ரோகு, கட்லாக் குஞ்சுகளைக் கிளிநொச்சியில் இறக்கிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும். அங்கிருந்து முள்ளியவளைக்கு அப்பால் ஒரு குளத்துக்கு அவற்றைக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. ஒவ்வொரு பையிலும் கால்வாசி தண்ணீர், மீதி ஒட்சிசன். மதியம் தாண்டினால் குஞ்சுகள் தாங்காது. அந்தக் குளம் போன வறட்சியில் அடிவரை வற்றி மீன் எல்லாம் செத்துப்போனது. அதை நம்பியிருந்த குடும்பங்கள் அன்றிலிருந்து கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மலையில் வேலை செய்தவர்கள். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். வாகன லைசன்ஸ் எடுத்த முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

வன்னியில் எனக்குத் தங்க ஒரு வீடு இருந்தது. அம்மாவின் தம்பி சுப்பையா மாமா பன்னிரண்டு வயதில் தோட்டத்தை விட்டு இங்கே வந்தவர். காடு வெட்டி, கிணறு வெட்டி, பிறகு பல வருடம் லொறி ஓட்டி, இப்போது கொஞ்சம் வயலும் ஒரு பழைய பிக்கப்பும் வைத்திருக்கிறார். அவர் பேச்சில் பாதி மலை, பாதி வன்னி.

"ஓம் புள்ள, பிக்கப்ப நீயே கொண்டுபோ. எனக்கு அன்னைக்கு வயல்ல நெல்லு வெட்டு மெசினு வருது" என்றார்.

அன்று இரவு மாமி பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா கலந்த புட்டும் மீன் குழம்பும் வைத்தா. முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மிளகாய் குழம்புக்கு நிறம் கொடுக்கும். இங்கே அது ஆளை எழுப்பி உட்கார வைக்கிறது. "உறைக்குதோ?" என்று கேட்டுவிட்டு மாமி இன்னும் ஒரு கரண்டி ஊற்றினா.

இரண்டாம் நாள் காலை பிக்கப்பை ஓட்டிப் பார்க்க ஏறினேன். எஞ்சின் உடனே பிடித்தது. கிளச்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினேன். கர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்ததில் முற்றத்தில் நின்ற கோழிகள் வேலிக்கு அப்பால் போய்விட்டன. பின் கியர் அதைவிட மோசம். பல்லோடு பல் அரைபட்டதை உள்ளங்கையில் உணர்ந்தேன்.

"அது அப்புடித்தான் கத்தும். கொஞ்சம் அதட்டிப் போடு" என்றார் மாமா.

நான் அதட்டவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்திய பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பின் கியர் எல்லாம் ஒரு விரலால் தள்ள விழுந்தன. திரும்ப எஞ்சினை ஓடவிட்டேன்; திரும்பவும் கர்ர்ர்.

"மாமா, கியர்பொட்டியில பிழை இல்ல. எஞ்சின் நிக்கிறப்ப விழுகிற கியர் ஓடுறப்ப விழலைன்னா, கிளச் முழுசா விடலைன்னு அர்த்தம்."

மாமா வாயைத் திறந்தபடி பார்த்தார். முப்பது வருடம் லொறி ஓட்டிய மனிதர் என்னை அப்படிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. பொனட்டைத் திறந்தேன். கிளச்சுக்கு எண்ணெய் போகும் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் எண்ணெய் கோட்டுக்கு மிகவும் கீழே கிடந்தது. மூடியின் மேல் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. வாசித்தேன், எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

"எண்ணெய் கொறஞ்சிருச்சு. பிரேக் ஒயில் ஊத்தணும்."

"அவ்வளவுதானா? நீ உள்ள போயி டீயக் குடி. நான் ஊத்தி, குழாயில நிக்கிற காத்தையும் எடுத்து வெக்கிறேன்."

நான் உள்ளே போய் டீயைக் குடித்தேன்.

திரும்பி வந்து ஓட்டியபோது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அன்று பரந்தன் சந்திவரை இரண்டு தரம் போய் வந்தேன். நெல் அறுவடைக் காலம். சந்தியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "அங்க பாரடா, பொம்பிளைப் பிள்ளை பிக்கப் ஓடுது" என்றார். மற்றவர், "உன்னைவிட வடிவா ஓடுது" என்றார். அந்த இரண்டாவது ஆளுக்காகவே மூன்றாவது தரமும் போனேன். மாலையில் கிளச் மிதி கொஞ்சம் இறுக்கமாகவும், காலை எடுத்தால் மெதுவாக எழும்புவதாகவும் பட்டது. நாள் முழுதும் ஓட்டிய களைப்பு என் காலில்தான் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் லொறி ஒரு மணி நேரம் பிந்தியது. பைகளைப் பிக்கப்பில் அடுக்கி, மேலே ஈரச் சாக்கு போட்டுக் கிளம்பும்போது ஏழரை. பரந்தனில் தவமணி அக்கா ஏறிக்கொண்டா. அவா அந்தக் குளத்து மீனவர் சங்கத்தின் செயலாளர். ஐம்பது வயதிருக்கும். மீனை வழியில் வந்து அழைத்துப்போக வேண்டும் என்று முதல் நாளே பஸ் எடுத்து வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தா. ஏறியதும் பின்கண்ணாடியால் பைகளைத்தான் முதலில் பார்த்தா, பிறகுதான் என்னை.

"டிரைவர் எங்கை பிள்ளை?"

"நான்தான் அக்கா."

"ஐயோ கடவுளே" என்று கதவை இன்னொரு தரம் இழுத்துச் சாத்தினா.

தர்மபுரம் தாண்டும்போது கியர் மறுபடியும் கத்தத் தொடங்கியது. விசுவமடுவுக்கு வரும்போது கிளச் மிதி தரையோடு போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. காலால் கொக்கி போட்டு மேலே இழுத்தேன். மிதித்தால் வேலை செய்யவில்லை. விட்டால் முழுதாகப் பிடிக்கவில்லை. எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. கிளச் தட்டு கருகும் நாற்றம் உள்ளே வந்தது. அப்போது ஒன்பது மணி தாண்டியிருந்தது.

பாதையோரத்தில் ஒரு கராஜ் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதை வைத்திருந்த ரூபனுக்கு நாற்பது வயது மட்டில். ஒரு உழவு இயந்திரத்தின் கீழிருந்து வெளியே வந்து, நான் சொன்னதை எல்லாம் கேட்டார். எஞ்சினை நிறுத்திக் கியரைப் போட்டுப் பார்த்த கதையைச் சொன்னபோது தலையை ஆட்டினார். எனக்குள் கொஞ்சம் பெருமை எழும்பியது. அவர் பொனட்டைத் திறந்து, குப்பிக்குள் விரலை விட்டு, எடுத்து மணந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது பிரேக் ஒயில் இல்லை. ஆமணக்கெண்ணெய்."

எனக்கு அவர் பகிடி விடுகிறார் என்றுதான் பட்டது. விரலை என் மூக்குக்கு நீட்டினார். சின்ன வயதில் வயிறு கழுவ அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றுவாவே, அதே மணம்.

"ஆர் விட்டது?"

"மாமா."

"மாமா அந்தக் காலத்திலை இஞ்சை லொறி ஓடினவரோ?"

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் திகைத்து நின்றேன்.

"சண்டைக் காலத்திலை பொருளாதாரத் தடை இருந்த நேரம் பிரேக் ஒயில் ஒரு சொட்டும் உள்ளுக்கை வராது" என்றார் ரூபன், வேலையைத் தொடங்கியபடியே. "அப்ப ஆமணக்கெண்ணெய் விட்டுத்தான் லொறியள் ஓடினது. என்ரை அப்பரும் விட்டவர். பழைய லொறி ரப்பர் அதைத் தாங்கும். இந்த ரப்பர் வேறை. எண்ணெயைக் குடிச்சுக் குடிச்சு ஊதிப்போம். முதல் நாள் வடிவா ஓடியிருக்குமே?"

"ஓடிச்சு."

"ஓடும். அடுத்த நாள்தான் வேலை காட்டும்."

கீழே படுத்து, கிளச்சைத் தள்ளும் சின்ன உருளையைக் கழற்றி, உள்ளிருந்த ரப்பரை என் கையில் வைத்தார். கிண்ணம் போல விளிம்பு கூராக இருக்க வேண்டிய ரப்பர், இரவு முழுதும் ஊறிய கடலை போல உப்பி வழுக்கியது.

நான் மாமாவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் வெட்டு மெசின் சத்தம் கேட்டது.

"மாமா, ஆமணக்கெண்ணெயா ஊத்துனீங்க?"

"ஓம். கடையில வாங்குனது, சுத்தமானது. ஏன் புள்ள?"

"ரப்பரெல்லாம் ஊதிப்போச்சு. நடுரோட்டுல நிக்கிறேன். ஒரு போத்தல்ல என்ன இருக்குன்னு பாத்து ஊத்தத் தெரியாதா உங்களுக்கு? மூடியிலேயே எழுதியிருக்கே!"

மெசின் சத்தம் தேய்ந்தது; மாமா வரப்பில் தள்ளிப் போயிருக்க வேண்டும்.

"அதுல எழுதியிருக்குறது எனக்கு எப்புடிப் புள்ள தெரியும்?" என்றார் மாமா. கோபமே இல்லாமல் சொன்னார். "எங்களுக்கெல்லாம் பிரேக் ஒயிலுன்னா அதுதானே. வேற எண்ணெ ஊத்தக்கூடாதுன்னு நீ சொல்லியிருந்தா ஊத்தியிருக்க மாட்டேனே. மீனு செத்துருமா?"

அந்த வீட்டில் அந்த மூடியை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். வாசித்தேன், எனக்குத் தெரிந்ததுதான் என்று வைத்துக்கொண்டேன், டீ குடிக்கப் போனேன். கையில் இருந்த ரப்பரைப் பார்த்தபடி நின்றேன். காது சூடேறிவிட்டது.

ரூபனிடம் அந்த ரப்பர் இல்லை. கிளிநொச்சியில்தான் எடுக்கலாம்; எடுத்து வந்து போட்டு முடிக்கப் பின்னேரமாகும். வேறு வாகனம் கேட்டோம். அறுவடை நாள். உழவு இயந்திரம், சின்ன லொறி எல்லாம் நெல்லோடு அலைந்துகொண்டிருந்தன. ஒரு முச்சக்கர வண்டிக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, "ஆறு பை ஏத்தலாம்" என்றார்.

தவமணி அக்கா சாக்கைத் தூக்கி ஒரு பையைப் பார்த்தா. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எதிர்க்கடையிலிருந்து யாரோ எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார்கள். அந்தக் கிளாஸில் பாதி சீனி. எங்கள் ஊர்த் தேயிலையை இப்படிக் கொல்கிறார்களே என்று அந்த நிலையிலும் நினைத்தேன். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

"கிளச் இல்லாமல் ஓடுவியளோ?" என்று கேட்டார் ரூபன்.

"ஓட முடியுமா?"

"இப்ப கிளச்சுக்குப் போற சாமானைக் கழட்டியாச்சு. அது இனி முழுசாப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். முதல் கியரைப் போட்டுட்டுத் திறப்பைத் திருப்புங்கோ, வண்டி துள்ளிக்கொண்டு வெளிக்கிடும். பிறகு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மாத்தவேணும். நிக்கவேணுமெண்டால் பிரேக்கோடை எஞ்சினையும் நிப்பாட்டுங்கோ. ஆனா பற்றரி கிழடு. ரெண்டு, மூண்டு தரம் தாங்கும். அதுக்கு மேலை கேக்காதேங்கோ."

தவமணி அக்கா என்னைப் பார்த்தா. "பிள்ளை, ஏலுமோ ஏலாதோ? ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் ஆறு பையையாவது கொண்டு போறன்."

ஏலும் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

சாவியைத் திருப்பியதும் பிக்கப் தவளை போல ஒரு துள்ளுத் துள்ளியது. பயத்தில் என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. எஞ்சின் நின்றது. கராஜ் வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஒரு தரம் போய்விட்டது. "சோக்கு! நல்லா ஓடுறியள்" என்றா தவமணி அக்கா.

இரண்டாம் முறை வண்டி கிளம்பும்வரை காலைத் தூக்கி இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வண்டி ஓடியது. இரண்டாம் கியருக்கு மாற்ற வேண்டும். வேக மிதியை விட்டு, கியரை நடுவுக்கு இழுத்து, எஞ்சின் இரைச்சல் இறங்குவதைக் கேட்டேன். மலையில் இறக்கத்தில் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு ஓட்டப் பழக்கம். இரைச்சல் தணிந்து வரும் வழியில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே தள்ளினால் விழும். முதல் தரம் பிந்திவிட்டேன், கர்ர்ர். மறுபடி கொஞ்சம் மிதித்து, விட்டு, தள்ளினேன். விழுந்தது. நானே கையைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த அதிர்ச்சி பாதையில் காய்ந்தது. பாதி வீதியில் நெல்லைப் பரப்பி வைத்திருந்தார்கள், கண்ணுக்கு எட்டிய தூரம். ஓரத்தில் கல்லும் மரக்கிளையும் அடையாளம். எங்கள் ஊரில் பாதையில் இப்படி ஒன்றை வைத்தால் அடுத்த வளைவில் வருபவன் பள்ளத்தில் கிடப்பான். மிச்சப் பாதியில் எதிரே ஒரு மாட்டுப் பட்டி வந்தது. நிற்க முடியாது.

தவமணி அக்கா இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டா. "நெல்லை வழியுங்கோ! மாட்டைப் பிடியுங்கோ! வண்டி நிக்காது!"

நெல் கிளறிக்கொண்டிருந்த பெண் ஒருவர் இடுப்பில் கைவைத்து, "ஏன், நிக்காதெண்டால் பறக்குமோ?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே காலால் நெல்லை வழித்து எனக்கு இடம் விட்டார். இரண்டு சக்கரம் நெல்லில் ஏறி இறங்கியது. "அரிசியாக்கிப் போட்டுப் போறாள்!" என்று பின்னால் கேட்டது.

புதுக்குடியிருப்புச் சந்தியை இரண்டாம் கியரில், ஹோர்னை விடாமல் அமத்தியபடி கடந்தேன். அங்கே என்னைத் திட்டியவர்களின் முகம் எனக்கு நினைவில்லை. அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வட்டுவாகல் பாலம் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய நீளமான ஒடுங்கிய பாலம். அதில் ஏற இருந்தபோது மறுமுனையில் ஒரு பஸ் உள்ளே திரும்பியது. தவமணி அக்கா ஈரச் சாக்கு ஒன்றை எடுத்து வெளியே சுழற்றினா. பஸ் நிற்கவில்லை. நான் பிரேக்கை மிதித்து எஞ்சினை நிறுத்தினேன். பஸ் ஊர்ந்து வந்து எங்களை உரசுவது போல நின்றது.

நடத்துநர் படியில் தொங்கியபடி, "அக்கா, சாக்கு விக்கிறியளோ?" என்றார்.

"கிளச் இல்லை தம்பி! பின்னாலை உயிர்மீன்!"

"அப்ப மீனை ஓடச் சொல்லிப்போட்டு இவாவைப் பின்னாலை ஏத்துங்கோ!"

பஸ் முழுதும் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. திறப்பைத் திருப்பினேன். பற்றரி முனகி, முனகி, கடைசி மூச்சில் வண்டியைத் தள்ளிவிட்டது. பாலத்தில் ஏறியபின் பரந்தனிலிருந்து வாய் மூடாமல் வந்த தவமணி அக்கா ஒன்றும் பேசவில்லை. இரண்டு பக்கத் தண்ணீரையும் பார்க்காமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தா. போரின் கடைசி நாட்களில் சனம் நடந்து கடந்த பாலம் அது. கரை ஏறியதும், "பதினொண்டரை" என்று மட்டும் சொன்னா.

முள்ளியவளை தாண்டி, மண்பாதையில் குலுங்கி, குளக்கட்டின் ஏற்றத்தில் முதல் கியரில் வண்டி திணறி நின்றது. திறப்பைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கட்டின் மேல் காத்துநின்றவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பையாகத் தோளில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது போலக் கையை அடியில் கொடுத்து, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள்.

ஐந்து பைகள் போய்விட்டன. வெள்ளை வயிறு தெரிய மிதந்த குஞ்சுகளை நான் எண்ணத் தொடங்கினேன். தவமணி அக்கா பையை என் கையிலிருந்து வாங்கிவிட்டா. மற்ற முப்பத்தைந்தையும் வாயை அவிழ்க்காமல் குளத்தில் மிதக்கவிட்டோம். பைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாமா. சட்டைப் பையில் புது ரப்பர். முகம் முழுதும் வைக்கோல் தூசி.

"மாமா, வயல்?"

"மெசினு நாளைக்கும் வரும்." என்னை நேராகப் பார்க்காமல் பைகளைப் பார்த்தார்.

"மாமா, நான்தான் அத வாசிச்சுச் சொல்லியிருக்கணும்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு விசுவமடுவிலிருந்து அவ்வளவு தூரம் தேவைப்பட்டிருக்கிறது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பைகளை அவிழ்த்தோம். குஞ்சுகள் ஒரு கணம் பை வாயில் தயங்கி, பிறகு கறுப்பு மை போலத் தண்ணீரில் பரவின. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். படித்த படிப்பில் அதோடுதான் பாடம் முடியும்.

மரங்களிலிருந்து நீர்க்காகங்கள் இறங்கின. ஒன்று, நான்கு, பிறகு எண்ண முடியவில்லை. குஞ்சு பரவிய இடத்துக்கு நேராக வந்து முங்கின; எழும்பும்போது ஒவ்வொன்றின் அலகிலும் ஏதோ மின்னியது. இவ்வளவு தூரம் கொண்டுவந்தது இவற்றுக்கு விருந்து வைக்கவா?

அங்கிருந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆணும் பெண்ணுமாகத் தண்ணீரில் இறங்கி, வளையமாக நின்று, தட்டும் தகரமும் அடிக்கத் தொடங்கினார்கள். குஞ்சுகள் பாசிக்குள் போய் ஒளியும்வரை நிற்க வேண்டுமாம். மாமாவும் இறங்கிவிட்டார். தவமணி அக்கா ஒரு அலுமினியத் தட்டையும் அகப்பையையும் என்னிடம் நீட்டினா.

"எனக்கு நீந்தத் தெரியாது அக்கா."

"ஆர் உங்களை நீந்தச் சொன்னது? இறங்கி அடியுங்கோ!"

மலையில் அருவி பார்த்திருக்கிறேன். குளத்தில் கால் வைத்ததில்லை. சேறு காலை உள்ளே இழுத்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது மாமாவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் இடம் விட்டார்கள். தட்டை ஓங்கி அடித்தேன். எனக்கு முன்னால் இறங்க வந்த பறவை ஒன்று சிறகை மடித்துத் திரும்பியது.

அப்போது முழங்காலுக்குப் பின்னால் பொடிப்பொடியாக ஏதோ முட்டியது. கத்திவிட்டேன்.

"என்ன பிள்ளை, பாம்போ?"

"இல்ல அக்கா. குஞ்சுங்க. கால சுத்தி நிறைய."

"உங்கட நிழலுக்கை ஒளிக்குதுகள். காலை அசைக்காதேங்கோ!"

அசைக்கவில்லை. சேற்றில் புதைந்த காலை அப்படியே வைத்து, கையை மட்டும் வீசி, தட்டை அடித்துக்கொண்டே நின்றேன்.